முகத்துக்கு ஒரு விலை கூடாது!

திருத்தணி மலைக்கு இரண்டு வழி உண்டு. 365 படிகளில் ஏறிப் போகலாம். சாலை வழியாகக் காரிலும் போகலாம். படியேறுகிறவருக்குக் கால் வலிக்கும். காரில் போகிறவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கஷ்டமெல்லாம் காருக்குத்தான்!

தரிசனம் முடிந்து திரும்பும் காரின் உள்ளே எட்டிப் பாருங்கள். இருக்கையில் சந்தனம், கால்மிதியில் விபூதி, மூலைமுடுக்கெல்லாம் பூவிதழ். பால்குடத்திலிருந்து சிந்திய பால் ஒரு பக்கம். மூடி கழன்று வழிந்த பஞ்சாமிர்தம் இன்னொரு பக்கம். மலைப்பாதை வளைவில் குழந்தை வாந்தி எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இத்தனையையும் போக்கி, காரின் உள்பக்கத்தைப் புதுக்கார் போல ஆக்கித் தருவது இன்று ஒரு தனித் தொழில். 'வாட்டர் வாஷ்', 'இன்டீரியர் கிளீனிங்' என்று பலகை மாட்டிய கடைகளை ஊருக்கு ஊர் பார்க்கலாம். சென்னைக்கும் திருப்பதிக்கும் நடுவே, நெடுஞ்சாலையில் அமைந்த கோயில் ஊர் திருத்தணி. இங்கே இந்தத் தொழிலுக்கு வேலை இல்லாமல் போகாது.

சரி, இதற்குக் கூலி என்ன?

"வண்டியைக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்லலாம்" என்பார் கடைக்காரர். வண்டியைப் பார்த்து விலை சொன்னால் அது நியாயம். வந்தவர் கட்டியிருக்கும் வேட்டியையும், கையில் மின்னும் மோதிரத்தையும், வண்டியின் நம்பர் பலகையையும் பார்த்து விலை சொன்னால்? அது வியாபாரம் அல்ல; சூதாட்டம்.

துடைக்கிற வேலைதானே?

"துணியை வைத்துத் துடைப்பதற்கு இவ்வளவு பணமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு முறை அந்த வேலையை அருகில் இருந்து பார்க்க வேண்டும்.

மஞ்சள் கறை படிந்த துணி இருக்கையை எடுத்துக் கொள்வோம். அதில் காரமுள்ள சோப்பைப் போட்டால் மஞ்சள் போகாது, சிவப்பாக மாறும்! விஷயம் தெரியாத பையன் பயந்து இன்னும் தேய்ப்பான். கறை பரவும். சிந்திய பாலோ வேறு ரகம். மேலே துடைத்தால் அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும். விரிப்பின் அடியில் ஊறிய பால் இரண்டு நாளில் புளித்து நாறும். இருக்கையைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, அடிவரை கழுவி, ஈரம் போகக் காய வைத்தால்தான் நாற்றம் ஒழியும்.

கூரையின் உள்துணியைப் பசை கொண்டு ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் அதிகமானால் பசை விட்டுத் துணி தொங்கிவிடும். பல கார்களில் இருக்கைக்கு அடியில் காற்றுப்பைக்குப் போகும் மின்கம்பிகள் இருக்கின்றன. அஜாக்கிரதையாகக் கழற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். நஷ்டம் யாருக்கு? கடைக்காரருக்குத்தான்.

ஆகவே இது வெறும் துடைக்கிற வேலை அல்ல. நேரம், பக்குவம், பொறுப்பு மூன்றும் சேர்ந்த வேலை. விலை போடும்போது மூன்றுக்கும் இடம் வேண்டும்.

ஒரு மணி நேரத்தின் விலை

கடைக்காரர்களில் பலர் பக்கத்துக் கடை விலையைக் கேட்டு, அதில் ஐம்பதோ நூறோ குறைத்துத் தம் விலையாக வைக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் எதைப் பார்த்து வைத்தார்? இவரைப் பார்த்து! இருவருமே கணக்குப் போடவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்னக் கடை. மாத வாடகை 8,000 ரூபாய். மின்சாரம், தண்ணீர் 3,000. இரண்டு ஆட்களுக்குச் சம்பளம் 30,000. சோப்பு, ஷாம்பு, துணி, பிரஷ் 4,000. வாக்குவம் மெஷின் தேய்மானம் 2,000. முதலாளியும் மனிதர்தானே, அவர் வீட்டுச் செலவுக்கு 18,000. ஆக மொத்தம் 65,000 ரூபாய்.

இரண்டு ஆட்கள், நாளுக்கு 8 மணி, மாதம் 26 நாள் என்றால் 416 மணி நேரம். ஆனால் நாள் முழுவதும் வண்டி வந்துகொண்டா இருக்கிறது? பாதி நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியானால் காசு வருவது 208 மணி நேரத்துக்குத்தான். 65,000-ஐ 208-ஆல் வகுத்தால், ஓர் ஆள் ஒரு மணி நேரம் செய்யும் வேலையின் அடக்க விலை 312 ரூபாய் 50 காசு.

ஒரு காரின் உள்பக்கத்தை முழுமையாகச் சுத்தம் செய்ய இரண்டு பேருக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கிறது என்று வையுங்கள். ஐந்து மணி வேலை. அடக்கமே 1,560 ரூபாயைத் தாண்டுகிறது. இதை 800 ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், மீதி 760 ரூபாய் எங்கிருந்து வருகிறது?

இலவசத்துக்கும் விலை உண்டு

இந்த இடத்தில் நம் கோயில்களிலேயே நடந்த ஒரு விஷயத்தை நினைவுபடுத்தலாம். 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கோயில்களில் மொட்டை அடிக்கப் பக்தர்கள் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை என்று அரசு அறிவித்தது. முடி எடுக்கும் தொழிலாளியின் கதி என்ன? அதையும் யோசித்தார்கள். மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஏற்பாடு செய்தார்கள்.

பக்தருக்கு இலவசம், தொழிலாளிக்கு அல்ல. விலை ஓரிடத்தில் மறைந்தால் வேறோர் இடத்திலிருந்து அது வந்தாக வேண்டும். கோயிலில் கொடுக்க ஓர் அரசுத் துறை இருக்கிறது. கார் கழுவும் கடையில் யார் இருக்கிறார்கள்?

குறைந்த 760 ரூபாயை வேலை செய்கிற பையன்தான் கொடுக்கிறான். அவன் சம்பளத்தில் பிடிபடுகிறது; அல்லது எட்டு மணி நேரம் பன்னிரண்டாக நீள்கிறது. இல்லையேல் கார்க்காரர் கொடுக்கிறார். விரிப்பைத் தூக்காமல் மேலே மட்டும் ஷாம்பு போட்டு, வாசனை அடித்து அனுப்பிவிடுகிறார்கள். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

கையில் பணம் குறைவாக உள்ளவர் என்ன செய்வார்? நியாயமான கேள்வி. அதற்கு நாம் சொல்லும் யோசனை இது: விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறைத்துக் கொடுங்கள். தூசி உறிஞ்சி, கால்மிதி கழுவி, கண்ணாடி துடைப்பது ஒரு மணி வேலை. அதற்கு ஒரு மணி நேரக் கூலி. முழு வேலைக்கு முழுக் கூலி. அரைக் கூலிக்கு முழு வேலை செய்வதாகச் சொல்கிறவர் யாரையோ ஏமாற்றுகிறார். பெரும்பாலும் தம்மையே!

திருவிழா விலை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கூட்டம் அலைமோதும். புஷ்பக் காவடிகள் வந்து குவியும். டிசம்பர் 31-இல் படித்திருவிழா. இப்படிப்பட்ட நாட்களில் விலையை இரட்டிப்பாக்கினால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். "தேவை அதிகம், விலையும் அதிகம்" என்று பொருளாதாரம் பேசுவார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது? மணிக்கு 312 ரூபாய் என்ற விலை ஏன் வந்தது? பாதி நேரம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதால் வந்தது. திருவிழா நாளில் அந்தக் காத்திருப்பே கிடையாது! அன்று அடக்க விலை குறையுமே தவிரக் கூடாது.

"ஆட்கள் கூடுதல் நேரம் உழைக்கிறார்களே?" உண்மைதான். கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு 8 மணிக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 15,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு மணிக்கு 72 ரூபாய்; இரட்டித்தால் 144. சோப்புச் செலவைச் சேர்த்தாலும் 312-க்கு வெகு கீழே. ஆகவே திருவிழா நாளிலும் பழைய விலையே போதும். அன்று விலையை ஏற்றுகிறவர் செலவுக்காக ஏற்றவில்லை. வெளியூர்க்காரர் திரும்பி வந்து கேட்கவா போகிறார் என்ற தைரியத்தில் ஏற்றுகிறார்.

ஒரு பலகை போதும்

இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற சமயப் பிரிவினர் பேரம் பேசுவதையே விட்டுவிட்டார்கள். வாங்க நினைப்பதைவிட அதிகமாக விலை சொல்வது பொய் சொல்வதாகும் என்பது அவர்கள் கொள்கை. சொன்ன விலையே முடிவான விலை. சிறு குழந்தையைக்கூட அவர்கள் கடைக்கு நம்பி அனுப்பலாம் என்ற பெயர் கிடைத்தது. நாணயத்தால் அவர்கள் வியாபாரம் கெட்டுப் போகவில்லை; வளர்ந்தது.

நம் கோயிலிலும் அர்ச்சனைச் சீட்டின் விலையை எழுதித்தானே வைத்திருக்கிறார்கள்? செல்வந்தருக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்றா இருக்கிறது? கோயிலுக்குப் பொருந்தும் முறை கடைக்குப் பொருந்தாதா?

பலகையில் எழுத வேண்டியவை அதிகம் இல்லை. வண்டியில் மூன்று வகை: சிறிய கார், நடுத்தரக் கார், ஏழு பேர் போகும் பெரிய வண்டி. வேலையிலும் மூன்று வகை: மேலோட்டம், முழுமை, பால்-வாந்தி போன்ற கடும் அசுத்தம். ஒன்பது விலைகள். தமிழிலும் தெலுங்கிலும் எழுதுங்கள். திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் முதல் நாள். அதற்கு முன் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இன்றும் எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் முருகனுக்கு அந்நியர் அல்லர். கடைக்காரருக்கு மட்டும் ஏன் அந்நியராக வேண்டும்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. எழுதிய விலையை அப்படியே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. 2013-இல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயித்தது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போயிற்று. கட்டணம் பல ஆண்டுகள் அப்படியே நின்றது. மீட்டர் பொம்மையாயிற்று, பழைய பேரமே திரும்ப வந்தது. செலவைத் தொடராத விலைப் பலகையும் இப்படித்தான் வெறும் அலங்காரமாகும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

வாடிக்கையாளர் கடமை

வண்டிக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. சாவியைக் கொடுக்கும் முன் கடைக்காரரோடு சேர்ந்து வண்டியின் உள்ளே பாருங்கள். எந்தக் கறை போகும், எது போகாது என்று கேளுங்கள். விலையை எழுதி வாங்குங்கள். முடிந்ததும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத கடை ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. பதிவு செய்யாத கடை, வரி என்று தனியாக ஒரு காசும் வசூலிக்கக் கூடாது. இவை உங்கள் உரிமை.

உரிமையோடு கடமையும் உண்டு. லட்சக்கணக்கில் விலை கொடுத்துக் கார் வாங்கிவிட்டு, அதற்குள் குனிந்து முட்டி போட்டு, பிறர் வாந்தியைக் கழுவுகிற பையனிடம் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கு நிற்காதீர்கள். அவன் கேட்பது தருமம் அல்ல. உழைத்த மணி நேரங்களின் கூலி.

கடைக்காரர் முகத்தைப் பார்த்து விலை சொல்ல வேண்டாம். வாடிக்கையாளர் ஆளைப் பார்த்துக் குறைத்துக் கேட்க வேண்டாம். இருவரும் பலகையைப் பார்க்கட்டும். தொழிலும் தழைக்கும், நம் ஊர் பெயரும் நிலைக்கும்.