வாசிக்க முடிந்தால்தான் செய்தி

மழைக்காலம் வந்தால் 'பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற பழைய செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடி வலம் வருகிறது. அது பொய்ச் செய்தி அல்ல; வெளியான நாளில் உண்மைதான். ஆனால் தேதி பொடி எழுத்தில், மங்கிய சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அவசரத்தில் பார்க்கும் பெற்றோர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

இதே சிக்கலுக்கு பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2019இல் எளிய வழி கண்டது. பழைய கட்டுரைகளின் மேலே, அவை எத்தனை ஆண்டு பழையவை என்பதை மஞ்சள் நிறத்தில் எடுப்பாகக் காட்டியது. சமூக ஊடகத்தில் பகிரப்படும் படத்திலும் ஆண்டைப் பொறித்தது. செய்தியில் ஒரு சொல்லும் மாறவில்லை. பக்கத்தின் தோற்றத்தில் செய்த சிறு மாற்றமே வாசகருக்குக் காவலாக நின்றது.

எழுத்தின் அளவு, நிறம், வரி இடைவெளி, விளம்பரம் அமரும் இடம் எல்லாமே மக்களின் அறியும் உரிமையைத் தொடுபவை. அவற்றை வடிவமைப்பாளரின் ரசனைக்கும் விளம்பரப் பிரிவின் கணக்குக்கும் மட்டும் விட்டுவிடுவது சரியாகாது.

தமிழுக்குத் தனித் தேவைகள் உண்டு. ஆங்கிலத்துக்கென வகுத்த வரி இடைவெளியில் 'கீ'யின் மேற்சுழி மேல்வரியை இடிக்கிறது. 'ழு'வின் வால் கீழ்வரியில் இறங்குகிறது. நம் சொற்கள் நீளமானவை. கைப்பேசியின் குறுகிய திரையில் இருபுறமும் ஓரம் சமன்செய்தால், சொற்களுக்கு நடுவே பெரும் இடைவெளி விழுந்து வாசிப்பு தடுக்கி நிற்கும். இடப்பக்கம் மட்டும் சீராக்கி, வரிகளைச் சற்றுத் தளர்த்தினாலே போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கின்றன உலக அளவில் ஏற்கப்பட்ட இணைய அணுகல் நெறிகள். கண்புரை உள்ள முதியவருக்கும் உச்சி வெயிலில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும் இது ஒருசேர உதவும்.

பார்வையற்றோரையும் நினைக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். திரையில் உள்ளதைத் தமிழில் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் செய்தி முழுவதையும் படமாக்கி, விளக்க வரி சேர்க்காமல் பதிவேற்றினால் அந்த மென்பொருளால் பெரும்பாலும் எதையும் வாசிக்க முடிவதில்லை. மின்னணு ஊடக உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் வந்துவிட்டது, நடைமுறைதான் வரவில்லை.

விளம்பரமே வேண்டாம் என்று சொல்வது நியாயமல்ல. செய்தியாளரின் சம்பளம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. விளம்பரத்துக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்காததால், படித்துக்கொண்டிருக்கும் பத்தி திடீரென்று கீழே நழுவி, விரல் விளம்பரத்தில் படுகிறதே, அதைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம். மூடும் குறியைத் தேட வைப்பதும், விளம்பரத்தைச் செய்தித் தலைப்பு போல உடுத்தி நிறுத்துவதும் நம்பிக்கையைக் கரைக்கின்றன. செய்தி போல வேடமிடும் விளம்பரத்தை, நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளில் ஒன்றாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டது.

பேரிடர் நேரத்தில் பக்க அமைப்பே உயிர்ப் பிரச்சினை ஆகிறது. 2017இல் இர்மா சூறாவளி ஃபுளோரிடாவை நெருங்கியபோது, அமெரிக்கச் செய்தி நிறுவனங்களான சிஎன்என், என்பிஆர் இரண்டும் எழுத்து மட்டுமே கொண்ட தங்கள் பக்கங்களைப் பற்றி மக்களுக்கு எடுத்துக் கூறின. சிக்னல் தடுமாறும்போதும் திறக்கும் பக்கங்கள் அவை. புயலும் வெள்ளமும் பழகிப்போன நம் கடற்கரை மாவட்டங்களுக்கும் அத்தகைய பக்கம் தேவை.

பக்கங்களைச் சரியாக அமைக்கும் பொறுப்பை ஒருவர் தலையில் கட்ட முடியாது. ஆசிரியர் குழு, பிழை திருத்துவது போலவே பக்கத்தையும் விலை குறைந்த கைப்பேசியில் திறந்து பார்த்து ஒப்புதல் தரட்டும். விளம்பரதாரர்கள் கிளிக் எண்ணிக்கையோடு வாசகரின் எரிச்சலையும் கணக்கில் எடுக்கட்டும். அரசு, தான் விளம்பரம் வழங்கும் தளங்களிடம் அணுகல் தரத்தைக் கேட்கட்டும். முதலில் தன் துறைகளின் இணையதளங்களைச் சரிசெய்யட்டும். இதழியல் கல்லூரிகள் தமிழ் எழுத்துருவையும் பக்க அமைப்பையும் பாடமாக்கட்டும். வாசகர்களான நாம் தேதி பார்த்துப் பகிர்வோம். படிக்க முடியாத பக்கத்தைப் பற்றி ஆசிரியருக்கு எழுதுவோம். நல்ல தளத்துக்குச் சந்தா கட்டுவோம்.

போட்டியாளர்களாக இருக்கும் தமிழ்ச் செய்தி நிறுவனங்கள் இந்த ஒன்றில் கூடி உட்காரலாம். தெளிவான தேதி, படிக்கத்தக்க எழுத்து, அடையாளமிட்ட விளம்பரம், படங்களுக்கு விளக்க வரி, பேரிடர் நாளுக்கு எளிய பக்கம் என்ற ஐந்தை மட்டும் பொது நெறியாக ஏற்கட்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பார்வையற்ற வாசகர்களையும் முதியோரையும் அந்தப் பேச்சில் உடன் அமர்த்துவதிலிருந்து வேலையைத் தொடங்குவோம்.