பாதுகாப்பும் விலைப் பொருளா?

பணி மாறுதலில் தலைநகர் தில்லிக்கு வரும் குடும்பம் எதுவாயினும், வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்பவற்றுக்கு முன்னதாகவே எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "அந்தப் பகுதி பாதுகாப்பானதுதானா?" மயூர் விஹாரா, துவாரகாவா, ராமகிருஷ்ணபுரமா, உத்தரப் பிரதேச எல்லைக்குள் நொய்டாவா, ஹரியாணா எல்லைக்குள் குருகிராமா என்று ஆலோசிக்கும்போது, இறுதி முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான்.

இதில் தவறு காண ஏதுமில்லை. 2012 டிசம்பர் 16 இரவில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை இந்த நகரம் மறந்துவிடவில்லை. பெண் குழந்தையை வைத்திருக்கும் பெற்றோர், குற்றம் குறைந்த பகுதியைத் தேடிச் செல்வது இயல்பே. ஆனால், குற்றம் குறைந்த பகுதி எது என்று அவர்களுக்குச் சொல்வது யார்? வீட்டுத் தரகரின் வாய்மொழி, குடியிருப்பின் இரும்புக் கதவு, வாயிலில் நிற்கும் சீருடைக் காவலாளி, அவ்வப்போது நாளேடுகளில் வெளியாகும் குற்றப் புள்ளிவிவரம் ஆகிய நான்கும்தான். இந்த நான்கில் எதை நம்பலாம் என்பதை யாரும் ஆராய்ந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

முதலில் புள்ளிவிவரத்தையே எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டில் தில்லி காவல் துறை இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்த வழக்குகள் ஏறத்தாழ 54 ஆயிரம். 2013-இல் அது 80 ஆயிரமானது. 2014-இல் 1.55 லட்சத்தைத் தாண்டியது. 2015-இல் 1.91 லட்சத்தை எட்டியது. மூன்றே ஆண்டுகளில் மூன்றரை மடங்கு! அப்படியானால், தில்லி மக்கள் திடீரென்று திருடர்களாகவும் வன்முறையாளர்களாகவும் மாறிவிட்டார்களா? இல்லை. டிசம்பர் 16 சம்பவத்துக்குப் பிறகு எழுந்த மக்களின் சீற்றமும், நீதிமன்றங்களின் கண்டிப்பும், வாகனத் திருட்டுப் புகாரை இணையம் வழியாகவே பதிவு செய்யும் வசதியும் சேர்ந்து, அதுவரை எழுதப்படாமல் இருந்த புகார்களை எழுத வைத்தன. பெருகியதில் பெரும்பகுதி குற்றமன்று. குற்றத்தைப் பற்றிய பதிவு.

அப்படியெனில், 2012-இல் அந்த 54 ஆயிரம் என்ற எண்ணை நம்பி "குற்றம் குறைந்த பகுதி" என்று வீடு பிடித்தவர்கள் உண்மையில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? குற்றம் குறைந்த பகுதியையா, அல்லது புகாரை வாங்க மறுத்த காவல் நிலையத்தின் எல்லையையா?

மாநிலங்களுக்கிடையேயும் இதே கதைதான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், மக்கள்தொகைக்கு ஏற்பப் பதிவாகும் குற்றங்களின் விகிதத்தில் கேரளம் எப்போதும் முன்வரிசையில் நிற்கிறது. பிகாரும் உத்தரப் பிரதேசமும் தேசிய சராசரிக்குக் கீழே அடக்கமாக அமர்ந்திருக்கின்றன. ஆனால், மறைப்பதற்கு மிகக் கடினமான குற்றமான கொலையைப் பாருங்கள். 2022-இல் நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின. லட்சம் பேருக்கு ஏறத்தாழ இரண்டு என்பது தேசிய விகிதம். பிகாரில் அது இரண்டுக்கும் மேல்; கேரளத்தில் ஒன்றுக்கும் குறைவு. கேரளத்தில் குடிமகன் காவல் நிலையத்துக்குள் துணிந்து நுழைகிறான். அவன் சொல்வது எழுதப்படுகிறது. அதன் பலன், பட்டியலில் அந்த மாநிலத்துக்குக் கெட்ட பெயர்.

குற்றங்களின் எண்ணிக்கை உயர்வதும், காவல் துறை பதிவு செய்யும் வழக்குகள் உயர்வதும் வெவ்வேறானவை என்று ஆவணக் காப்பகமே தனது அறிக்கைகளில் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? சட்டப்பேரவையில் எதிர்க்கட்சி உறுப்பினர் எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்கிறார். ஆளுங்கட்சி எண் குறைந்ததைச் சாதனையாக அறிவிக்கிறது. எண் உயர்ந்தால் மேலதிகாரியின் கண்டனம், குறைந்தால் பாராட்டு. இந்த நிலையில், நிலைய அதிகாரிக்கு எளிதான வழி எது? திருடனைப் பிடிப்பதைவிடப் புகாரைத் தவிர்ப்பது எளிது. கைப்பேசி பறிக்கப்பட்டதாக வருபவரிடம், "தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள்" என்று சொல்வது அதனினும் எளிது.

சட்டத்தில் குறை இருப்பதாகச் சொல்ல முடியாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. பாலியல் குற்றம் உள்ளிட்ட சில குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்குச் சிறைத் தண்டனை விதிக்கவும் அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம் என்பதையும், மின்னணு வழியில் தகவல் தந்து மூன்று நாள்களுக்குள் கையெழுத்திடலாம் என்பதையும் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. ஆயினும், சட்டப் புத்தகத்துக்கும் காவல் நிலைய மேசைக்கும் இடையே உள்ள தூரம் இன்னமும் நீண்டுதான் கிடக்கிறது.

பதிவுகள் அனைத்தும் நேர்மையானவை என்றே வைத்துக்கொண்டாலும், எண் முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. சாந்தினி சௌக்கிலும் கனாட் பிளேஸிலும் நடக்கும் ஜேப்படித் திருட்டில் பொருளை இழப்பவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியிருப்பவர்கள் அல்லர். நாள்தோறும் வந்து போகும் பெருந்திரளினர். குடியிருப்போர் எண்ணிக்கையால் மட்டும் வகுத்துப் பார்த்தால் அந்தப் பகுதிகள் குற்றக் கூடாரங்களாகத் தோன்றும். மேலும், ஆவணக் காப்பகத்தின் அறிக்கை மாவட்டத்தோடும் பெருநகரத்தோடும் நின்றுவிடுகிறது. வீடு தேடுபவருக்கு வேண்டியதோ தெருவைப் பற்றிய தகவல்.

பூட்டிய கதவு தடுக்க முடியாத குற்றங்களும் உண்டு. 2022-இல் பெண்களுக்கு எதிராகப் பதிவான 4.45 லட்சம் குற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கணவனும் அவனது உறவினர்களும் இழைத்த கொடுமை. அங்கே குற்றவாளி சுவர் ஏறிக் குதித்து வருவதில்லை. வீட்டுச் சாவியோடு வருகிறான்.

இனி, இரும்புக் கதவுகளுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் தில்லி அரசு தொடங்கிய "பாகீதாரி" திட்டம், குடியிருப்போர் நலச் சங்கங்களை நிர்வாகத்தின் பங்காளிகளாக்கியது. அச்சங்கங்கள் பல நற்பணிகளைச் செய்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், தலைநகரின் நடுத்தர வகுப்புக் குடியிருப்புகளில் இன்று பொதுச் சாலையின் குறுக்கே கதவு நிற்கிறது. இரவு பதினொரு மணிக்குப் பூட்டு விழுகிறது. அவசர ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால், அந்தக் கதவில் விடிய விடிய நிற்கும் காவலாளியும், காலையில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணும் எங்கே வசிக்கிறார்கள் என்று கேட்பவர் உண்டா? அவர்களுடைய தெருவில் விளக்கு எரிகிறதா, ரோந்துக் காவலர் வருகிறாரா என்பது யாருடைய கவலை?

கதவுக்கு உள்ளும் வெளியும் என்று பாதுகாப்பைப் பிரித்தால் என்ன நேரும் என்பதற்கு நிதாரியைவிடக் கொடிய சாட்சி வேண்டியதில்லை. வசதி படைத்தோர் வாழும் நொய்டாவின் 31-ஆவது செக்டாரை ஒட்டிய கிராமம் அது. 2005, 2006 ஆண்டுகளில் அங்கிருந்த ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமற்போயினர். பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தனர். "எங்காவது ஓடிப்போயிருக்கும்" என்ற அலட்சியமே அவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தது. 2006 டிசம்பர் இறுதியில், அந்த செக்டாரின் பங்களா ஒன்றின் பின்புறச் சாக்கடையிலிருந்து எலும்புக்கூடுகள் வெளிவந்தபோதுதான் நாடு விழித்தது. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் தூக்குத் தண்டனை பெற்று, பின்னர் விசாரணையின் குறைபாடுகளால் 2023-இல் அலாகாபாத் உயர் நீதிமன்றத்தாலும், ஒருவர் மீது எஞ்சியிருந்த வழக்கில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தாலும் விடுவிக்கப்பட்டனர். அந்தக் குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. புகார்கள் எழுதப்படாத அந்த மாதங்களில், காவல் நிலையப் பதிவேட்டின்படி அதுவும் குற்றம் குறைந்த பகுதியாகவே இருந்திருக்கும்.

"நல்ல பகுதி" என்ற சொல்லுக்குள் மற்றொரு நஞ்சும் ஒளிந்திருக்கிறது. குடியமர்த்துவோரைப் பற்றிக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டப்படியான உத்தரவு. ஆனால், நடைமுறையில் "பாதுகாப்பு" என்ற பெயரில் கேட்கப்படுபவை மதமும் சாதியும் மாநிலமும்தான். 2014 ஜனவரியில், லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்ததை அடுத்து மத்திய அரசு அமைத்த பேஸ்பருவா குழு, வடகிழக்கு மாநிலத்தவர் வாடகை வீடு பெறுவதில் சந்திக்கும் பாகுபாட்டையும் சுட்டிக்காட்டியது. அயலார் வராத தெருவே பாதுகாப்பான தெரு என்று நினைத்தால், அதில் அயலாராக நாளை யாரும் நிறுத்தப்படலாம். தில்லியில் "மதராஸி" என்று அழைக்கப்பட்டு வாழ்ந்தவர்களுக்கு இது தெரியாததன்று.

தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவர்களின் நிலை என்ன? ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராஸி கேம்ப், தில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2025 ஜூன் 1 அன்று இடித்துத் தள்ளப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 வீடுகளில், 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியானவையாக அறிவிக்கப்பட்டன. அந்த வீடுகளும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில். வீட்டு வேலைக்காகத் தென்தில்லிக்கு வந்து இருட்டியபின் திரும்பும் பெண்ணிடம், உங்கள் புதிய பகுதி பாதுகாப்பானதா என்று எந்த அரசு அலுவலகமும் கேட்கவில்லை. குற்றம் குறைந்த பகுதியைத் தேடுவது ஒரு சாராருக்கு உரிமை. மற்றொரு சாராருக்கு ஒதுக்கீட்டுச் சீட்டில் எழுதியிருப்பதே விதி.

ஆகவே, செய்ய வேண்டியவை தெளிவு. முதலாவதாக, ஒவ்வொரு காவல் நிலையமும் மாதந்தோறும் வந்த புகார் எத்தனை, பதிந்தது எத்தனை, உதவி கோரிய அழைப்புக்குச் சென்று சேர எடுத்த நேரம் எவ்வளவு என்பதை மக்கள் அறியும்படி வெளியிட வேண்டும். இரண்டாவதாக, காவல் துறையின் பதிவேட்டை மட்டும் நம்பாமல், குற்றத்தால் பாதிக்கப்பட்டீர்களா, புகார் கொடுத்தீர்களா என்று வீடு வீடாகக் கேட்டறியும் ஆய்வை அரசே ஆண்டுதோறும் நடத்த வேண்டும். அமெரிக்கா 1970-களிலிருந்தும் பிரிட்டன் 1980-களிலிருந்தும் இதைச் செய்து வருகின்றன. இந்தியாவில் தன்னார்வ ஆய்வு நிறுவனங்கள் தில்லி, மும்பை போன்ற நகரங்களில் நடத்திய இத்தகைய ஆய்வுகள், பாதிக்கப்பட்டவர்களில் சிறு பகுதியினரே முதல் தகவல் அறிக்கை வரை சென்றதைக் காட்டின.

மூன்றாவதாக, வழக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு காவல் அதிகாரியை எடைபோடும் வழக்கம் ஒழிய வேண்டும். அரசியல் தலையீட்டிலிருந்து காவல் துறையை விடுவிக்கவும், விசாரணைப் பணியைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்கவும் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் பிறப்பித்த ஆணைகள் முழுமையாக நிறைவேற்றப்பட வேண்டும். தில்லியைப் பொருத்தவரை சாக்குச் சொல்ல இடமேயில்லை. தலைநகரின் காவல் துறை மத்திய உள்துறை அமைச்சகத்தின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது.

அதுவரை, வீடு தேடும் குடும்பம் பட்டியல் எண்ணைப் பார்ப்பதைவிட மாலை எட்டு மணிக்கு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார்ப்பது மேல். விளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, பெண்கள் தனியாக நடமாடுகிறார்களா, கடைசிப் பேருந்து எப்போது, காவல் நிலையத்தில் சாதாரண மனிதனின் புகாரை வாங்குகிறார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எந்தப் புள்ளிவிவரத்தையும்விட நம்பத்தக்கது.

வாடகை கொடுக்க முடிந்தவர்களுக்குப் பாதுகாப்பான தெரு, முடியாதவர்களுக்கு மிச்சமிருக்கும் தெரு என்பது சந்தையின் நியாயமாக இருக்கலாம். குடியரசின் நியாயமாக இருக்க முடியாது. குற்றம் குறைந்த பகுதியைத் தேடி மக்கள் அலைய வேண்டியிருக்கிறது என்பதே, மற்ற பகுதிகளில் அரசு தன் கடமையைக் கைவிட்டுவிட்டது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்!