தோற்ற வேட்பாளரும் 22,000 கையொப்பங்களும்

எமது ஒன்றுகூடல்களில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "எங்கட பெடியள் அரசியலுக்கு வரவேணும்." சொல்பவர் சொல்லி முடிக்க நாம் கைதட்டுவோம். வந்து எதற்காக நிற்கவேண்டும், யாருக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்ற கேள்விகள் மட்டும் மண்டபத்திலேயே தங்கிவிடுகின்றன. விடை தேட ஒட்டாவா வரை போகத் தேவையில்லை. எமது நகரின் மொன்றியல்-நோர் பகுதியிலேயே அதற்கான பாடம் இருக்கிறது.

2008 ஓகஸ்ட் 9ஆம் திகதி அங்குள்ள பூங்கா ஒன்றில் 18 வயதான ஃபிரெடி வில்லானுவேவா பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவரிடம் ஆயுதம் இருக்கவில்லை. மறுநாள் இரவு அந்தத் தெருக்கள் எரிந்தன. எம்மில் பலர் "அந்தப் பக்கம் போகாதை" என்று பிள்ளைகளுக்குச் சொன்னதோடு நின்றுவிட்டோம். சுற்றிவளைப்பையும் அடையாள அட்டைச் சோதனையையும் கடந்து வந்தவர்கள் நாம். தோற்றத்தைப் பார்த்து ஒரு பிள்ளையைத் தெருவில் மறிப்பது என்றால் என்னவென்று எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அது ஹெயிட்டிக்காரரினதும் லத்தீன் அமெரிக்கரினதும் பிரச்சினை என்றே ஒதுங்கினோம்.

அங்குள்ள இளைஞர்கள் ஒதுங்கவில்லை. முன்னாள் மத்திய பொலிஸ் உத்தியோகத்தரான வில் புரொஸ்பரும் நண்பர்களும் 'மொன்றியல்-நோர் ரெப்புப்ளிக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து 'ஹூட்ஸ்ரொக்' உருவானது. 2020 இல் கொரோனா இந்த நகரில் மிக மோசமாகத் தாக்கிய இடங்களில் மொன்றியல்-நோரும் ஒன்று. அப்போது முகக்கவசம் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் இவர்களே.

2017 மாநகரத் தேர்தலில் பலராமா ஹோல்னெஸ் என்பவர் மொன்றியல்-நோர் முதல்வர் பதவிக்குப் போட்டியிட்டார். ஜமேக்கத் தந்தைக்கும் கியூபெக் தாய்க்கும் பிறந்தவர். அலுவெற்ஸ் அணியில் விளையாடியவர். அப்போது மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அவர் தோற்றார். எமது வழக்கப்படி கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் மொன்றியல் மாநகரச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 90 நாட்களுக்குள் 15,000 நகரவாசிகளின் கையொப்பத்தைச் சேர்த்தால், கேட்ட விடயம் பற்றி நகரசபை பகிரங்க விசாரணை நடத்தியே ஆகவேண்டும். 15 வயதானவரே கையொப்பமிடலாம். வாக்குரிமை வருமுன்னரே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அரசியல் உரிமை இது. எம்மில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? 2018 கோடையில் ஹோல்னெசும் அவரோடு நின்ற இளையோரும் நிறவாதமும் பாகுபாடும் பற்றி விசாரணை கேட்டு 22,000 கையொப்பங்களைச் சேர்த்தார்கள். 2020 ஜூனில் வெளியான அறிக்கை 38 பரிந்துரைகளைத் தந்தது. அமைப்பு ரீதியான நிறவாதம் உண்டென்பதை நகர முதல்வர் வலேரி பிளான்ட் ஏற்றுக்கொண்டார். 2021 ஜனவரியில் அதற்கென ஓர் ஆணையாளரும் நியமிக்கப்பட்டார்.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு இங்கே ஒன்று விளங்குகிறது. தேர்தல் என்பது ஒரு வருட இலாப நட்டக் கணக்கு. ஐந்தொகையைப் பார்த்தால்தான் மிஞ்சியது என்னவென்று தெரியும். தோற்ற வேட்பாளரின் ஐந்தொகையில் 38 பரிந்துரைகளும் ஒரு பணிமனையும் இருந்தன. வென்ற பலரின் ஐந்தொகையில் மாலை போட்ட படங்கள்தான் இருக்கின்றன.

பொறுப்புகளின் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2021 இல் ஹோல்னெஸ் சொந்தக் கட்சி அமைத்து நகர முதல்வர் பதவிக்கு நின்றார். மற்றொரு கட்சியோடு செய்த இணைப்பு சில நாட்களிலேயே முறிந்தது. வாக்கும் குறைவாகவே கிடைத்தது. அதே தேர்தலில் மொன்றியல்-நோரில் நின்ற புரொஸ்பரும் தோற்றார். நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதாது. பொறுமையும் ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கும் திறமையும் வேண்டும். நகரம் முழுவதும் 100 பேரில் 40 பேர்கூட வாக்களிக்கவில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. அந்த வராதவர்களில் நாமும் இருந்தோம்.

தாயகத்தில் நாம் பட்டதும் இதோடு சேர்கிறது. 1976 இல் வட்டுக்கோட்டையில் தீர்மானம் எடுத்து, 1977 இல் 18 ஆசனங்களை வென்ற தலைவர்கள், 1981 இல் மாவட்ட சபைகளோடு சமாதானப்பட்டபோது இளைஞர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பின்னர் வந்த இளையவர்களிடம், அவர்கள் இளையவர்கள், தியாகம் செய்பவர்கள் என்பதற்காகவே நாம் கேள்வி கேட்காமல் விட்டோம். கேட்டவர்களையும் தனியே விட்டோம். மூத்தவர்களை நம்பியதிலும் இளையவர்களை நம்பியதிலும் நாம் விட்ட பிழை ஒன்றுதான்: கணக்குக் கேட்கவில்லை.

கேட்காவிட்டால் எந்த நாட்டிலும் நடப்பது ஒன்றே. இதே மொன்றியலில் 2012 இல் ஊழல் விசாரணைகளுக்கு மத்தியில் நகர முதல்வர் ஜெரால்ட் ட்ரொம்பிளே பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த மைக்கல் அப்பிள்போம் 2013 இல் கைதாகி, 2017 இல் ஊழல் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

ஆகவே, எமது பிள்ளை ஒருவர் நாளை வாக்குக் கேட்டு வரும்போது அவர் யாருடைய மகன், எந்த ஊர் என்று விசாரிப்பதோடு நிறுத்தவேண்டாம். காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்போம். எமக்குப் பிடிக்காத எந்த உண்மையை எமது முகத்துக்கு நேரே சொன்னார் என்று பார்ப்போம். பக்கத்து வீட்டு ஹெயிட்டிப் பிள்ளையைப் பொலிஸ் மறித்தபோது எங்கே நின்றார் என்றும் கேட்போம். தமிழருக்காக மட்டும் நீதி கேட்பவர் நாளைக்குத் தமிழரிலும் ஒரு பகுதிக்கு மட்டும்தான் கேட்பார்.

2025 நவம்பரில் சிலியிலிருந்து எட்டு வயதில் அகதியாக வந்த சொராயா மார்ட்டினெஸ் ஃபெராடா இந்த நகரின் முதல்வராகத் தெரிவானார். அகதியின் பிள்ளைக்கும் அந்தக் கதிரை எட்டும் என்பது இனிச் சந்தேகமில்லை. எமது பிள்ளைகளும் ஒருநாள் அங்கே போவார்கள். அதற்கு முன், அவர்களிடம் கணக்குக் கேட்கும் பழக்கத்தை நாம் எமது சங்கக் கூட்டங்களிலும் கோயில் நிர்வாகத்திலும் இருந்தே தொடங்கவேண்டும். அங்கே ஐந்தொகை கேட்கத் தயங்கும் நாம், நகரசபையில் கேட்கப் போவதில்லை.