நேர்காணலில் அளக்கப்படுவது எது?

மும்பையில் தாராவியும் மாதுங்காவும் அடுத்தடுத்த பகுதிகள். செம்பூரும் அதிகத் தொலைவில் இல்லை. மூன்றிலும் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஆனால், ஒரே பட்டம் பெற்ற தாராவி இளைஞரும் மாதுங்கா இளைஞரும் ஒரே நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றால், "மென்திறன்" என்ற பெயரில் அங்கு எடைபோடப்படுவது பெரும்பாலும் ஆங்கில உச்சரிப்புதான்.

பிறரோடு இணைந்து உழைப்பதும், நெருக்கடியில் நிதானம் இழக்காதிருப்பதும் பணிக்குத் தேவையான பண்புகளே. தண்ணீர்க் குழாயடி வரிசையில் வளர்ந்தவருக்கு இவற்றை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதைக் கேட்டறியத்தான் ஆளில்லை.

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கை வழக்கில், இரண்டு மூன்று நிமிட நேர்காணலுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வழங்கியதை 1980-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. குடிமைப் பணித் தேர்வில் மொத்தமுள்ள 2,025 மதிப்பெண்களில் ஆளுமைத் தேர்வுக்கு 275 மட்டுமே. "சி" பிரிவு, அரசிதழ்ப் பதிவு பெறாத "பி" பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு நேர்காணலையே கைவிட்டது.

எல்லாப் பணிக்கும் அது பொருந்தாது. மக்களை நேரில் சந்திப்பவரின் அணுகுமுறையை எழுத்துத் தேர்வு காட்டாது. ஆகவே, தனியார் நிறுவனங்கள் அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும். மதிப்பெண் அளவுகோலை முன்னரே வகுக்கட்டும். ஆங்கிலம் தேவைப்படாத பணிக்குத் தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ பதிலளிக்க அனுமதிக்கட்டும்.