தரங்கம்பாடி ரயிலைக் கைவிட்டது நாமும்தான்

மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926-இல். சுமார் 30 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகக் கடற்கரை வரை. 1986-இல் வண்டி நின்றது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்துப் போனார்கள். நஷ்டம் என்றது ரயில்வே. அன்றிலிருந்து ரயில்வேயைத்தான் குறை சொல்கிறோம். நம் பங்கைப் பற்றி வாய் திறந்ததில்லை.

பஸ் பெருகியதும் ரயிலை மறந்தவர்கள் நாம். ஸ்டேஷன் வரை நடக்க வேண்டாம், கைகாட்டிய இடத்தில் ஏறிக்கொள்ளலாம் என்ற சௌகரியம் போதுமாயிருந்தது. ஏறியவர்களிலும் டிக்கெட் எடுக்காமல் போனதைச் சாமர்த்தியமாகச் சொல்லித் திரிந்தவர்கள் உண்டு, யாரும் கண்டிக்கவில்லை. கூட்டமில்லை, வருமானமில்லை என்று ரயில்வே கணக்குக் காட்டியபோது அந்தக் கணக்கை எழுத நாமும் கைகொடுத்திருந்தோம்.

அந்தக் கணக்கில் மீன்கூடைக்கு இடமில்லை. கடற்கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினியக் கூடையில் ஐஸ் போட்டு அடுக்கி, உள்ளே இருக்கும் ஊர்களுக்குத் தலைச்சுமையாய்க் கொண்டுபோய் விற்கிற பெண்களுக்குப் பஸ் ஒருபோதும் ரயிலுக்கு ஈடாகாது. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டினால் கண்டக்டர் முகம் சுளிப்பார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து தள்ளிப்போவார். அப்படித் தள்ளிப்போனவர்கள் வேறு யாருமல்ல, நாம்தான். அந்தப் பெண்களுக்கு ரயில் எவ்வளவு தேவை என்பதை மூடும்போது நாம் கேட்கவில்லை, மூடிய பிறகும் கேட்கவில்லை.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. 1894-இல் மாயவரம்–முத்துப்பேட்டை பாதை வந்தது தஞ்சை ஜில்லா போர்டு பணத்தில். ரயிலுக்கென்று தனி வரி கட்டியது இந்த ஜில்லா. ஆற்றுப்பாசன வயலை நம்பிப் பிழைத்த ஜனம், தன் ஊருக்கு ரயில் வேண்டுமென்று கைக்காசைக் கொடுத்தது. அவர்கள் வழிவந்த நாம் தண்டவாளம் போனபோது வேடிக்கை பார்த்தோம்.

போனது திரும்பாது என்றும் சொல்ல முடியாது. மன்னார்குடிக்கு 2011-இல் ரயில் திரும்பி வந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-இல் அகலப்பாதையில் வண்டி ஓடியது. பேரளம்–காரைக்காலிலும் மறுபடி தண்டவாளம் போட்டுவிட்டார்கள். நம் பாதையில் என்ன நடந்தது? ரயில் போன மேட்டில் வேலி நகர்ந்தது, கொட்டகை எழுந்தது, கடை வந்தது. அளந்து கல் நடுங்கள் என்று எந்த ஊர்க் கூட்டத்திலாவது அழுத்திச் சொன்னோமா? ஆக்கிரமித்தவர் உறவுக்காரர், தெரிந்தவர். அதனால் பேசவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர் ரயில் வரும் என்று வாக்குறுதியாகச் சொல்லும்போது மட்டும் கைதட்டினோம்.

அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் எங்கெங்கிருந்தோ திருக்கடையூர் வருகிறவர்கள் இன்றும் மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கி வேன் பேசுகிறார்கள். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் இருப்பது பழைய ரயில் போன மன்னம்பந்தலில். பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் திங்கட்கிழமைதோறும் அங்கே மனு கொடுக்கப் போகிறோம். ரயில் நிலத்தை அளந்து மீட்கச் சொல்லி ஒரு மனு, ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டு, இனியாவது அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். முதல் கையெழுத்து, ரயில் மேட்டில் வேலி போட்டவர்களுடையதாக இருக்கட்டும்.