குழு வந்து போன பிறகு: கல்லூரி நூலகத் தொழில்நுட்பம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரப்போகிறது என்றால் கல்லூரி நூலகத்துக்கு யோகம் அடித்துவிடும். சுவருக்குப் புது வண்ணம், வாசலில் ஆர்எஃப்ஐடி கதவு, உள்ளே நுழைந்ததும் ஒரு தொடுதிரை. இதுவரை நடைமுறையில் இருந்த நாக் கையேட்டில் 4.2 என்ற பகுதி நூலகத்துக்கு உரியது. மேலாண்மை மென்பொருள் உண்டா, மின்னிதழ்ச் சந்தா உண்டா, ஆண்டுச் செலவு எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று அது கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்குப் பதில் எழுதுவதற்காகவே பொருள் வாங்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. குழு ஊர் திரும்பிய சில வாரங்களில் தொடுதிரைமேல் துணி போர்த்தியிருப்பதைப் பார்க்காத நூலகர்கள் குறைவு.

கலை, அறிவியல் கல்லூரி நூலகர்கள் சேர்ந்த இந்தச் சங்கம் இதில் தன் நிலையை ஒளிக்காமல் சொல்லிவிட விரும்புகிறது. மாணவரின் கைக்கு எட்டும் சேவைக்கு முதல் பணம்; பார்வையாளர் கண்ணில் படும் கருவிக்குக் கடைசிப் பணம். நிதி தாராளமாக உள்ள நிறுவனங்கள் இரண்டையும் செய்துகொள்ளட்டும். ஆண்டுக்குச் சில லட்சங்களில் நூலகத்தை ஓட்டும் கல்லூரி இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கதவிலிருந்தே தொடங்கலாம். லட்சக்கணக்கான நூல்களை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தில் ஆர்எஃப்ஐடி அருமையான கருவி. கையடக்க ரீடரை அலமாரி நெடுகக் காட்டிக்கொண்டே போனால், நூலை உருவாமலே ஸ்டாக் வெரிஃபிகேஷன் முடிந்துவிடும். இருபதாயிரம் நூல்கள் உள்ள கல்லூரிக்குப் பார்கோடு போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், லண்டனில் பயின்று திரும்பிய பின், வாசகர் தாமே அலமாரிக்குப் போய் நூலை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. வாசலில் சில லட்ச ரூபாய்க் கதவும், உள்ளே பூட்டிய கண்ணாடி அலமாரியும் ஒருசேர வைத்திருக்கும் கல்லூரிகள் இன்றும் உண்டு. திருட்டைத் தடுக்கத்தான் கதவு என்றால், பூட்டு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

சங்கம் முதல் இடம் கொடுப்பது பார்வையாளர் கண்ணில் படாத ஒரு வேலைக்கு: தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்தில் பட்டியலிடுவது. இது இன்னும் நடக்கவில்லையா என்று வெளியாட்கள் வியப்பார்கள். நம் கல்லூரிகள் பலவற்றின் ஓபாக்கில், அதாவது கணினிப் பட்டியலில், தமிழ் நூல்கள் ஆங்கில எழுத்தில்தான் கிடக்கின்றன. புதுமைப்பித்தன் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். ஒருவர் ஒற்றை இரட்டிப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். ‘ழ’ வந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கையாளும் எழுத்துப்பெயர்ப்பு முறை கோடும் புள்ளியுமாக மிகத் துல்லியமானதுதான்; பி.ஏ. தமிழ் முதலாண்டு மாணவி அதைப் படித்துவிட்டா நூல் தேடுவாள்? தமிழில் தட்டித் தேடுகிறாள், ‘பதிவு இல்லை’ என்று வருகிறது, போய்விடுகிறாள். நூல் அலமாரியில்தான் இருக்கிறது.

தமிழில் ஏற்றிய இடங்களிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பழைய எழுத்துருக்களில் தட்டிய பதிவுகள் மென்பொருள் மாறியதும் புரியாத குறிகளாக மாறிவிட்டன. யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ என்பதில் வரும் ‘பொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்கிறது யூனிகோடு தரம். அதைச் செய்யாத மென்பொருளில், கல்கி நூலகத்தில் இருந்தும் இல்லாதவர் ஆகிவிடுகிறார். விலைப்புள்ளி கேட்கும்போதே இந்த ஒரு சொல்லைத் தட்டிப் பார்க்கச் சொன்னால் விற்பனையாளரின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற சிற்றூர்ப் பகுதி நூலகத்துக்காக 1999-இல் உருவாக்கப்பட்டு, இன்று உலகமெங்கும் இலவசமாகக் கிடைக்கும் கோஹா மென்பொருள் யூனிகோடில் இயங்குகிறது. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோல் மென்பொருளும் யூனிகோடை ஏற்கிறது. மார்க் 21 முறையிலான பட்டியல் பதிவில் மூல எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் இணைத்து வைக்க 880 என்று ஒரு புலமே இருக்கிறது. இல்லாதது ஆள் உழைப்பு. அதையும் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே நாவலைப் பத்துக் கல்லூரிகள் பத்து முறை பட்டியலிடுவது வீண்வேலை. பல்கலைக்கழக நூலகம் ஒன்று செம்மையான பதிவை உருவாக்கினால், இணைப்புக் கல்லூரிகள் அதை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். வரும் கல்வியாண்டு முதல் வாங்கும் ஒவ்வொரு தமிழ் நூலும் தமிழ் எழுத்தில் பட்டியலேற வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. பழைய இருப்பைப் படிப்படியாக மாற்றலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும், 2005 முதல் இயங்கிவரும் ஈழத்து ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தையும் ஓபாக்கின் முகப்பிலேயே இணைத்துவிட்டால் மாணவருக்கு இன்னும் நல்லது.

அடுத்தது வீட்டிலிருந்து படிக்கும் வசதி. காலை பேருந்துக்கு ஓடி, மாலை பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பும் மாணவருக்கு நூலக நேரம் என்பது மதிய இடைவேளையின் மிச்சம். இன்ஃப்ளிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டம் 6,000-க்கும் மேற்பட்ட இதழ்களையும் லட்சக்கணக்கான மின்நூல்களையும் தனித்தனி ஐடி, பாஸ்வேர்ட் மூலம் எங்கிருந்தும் திறந்துவிட்டது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு அதன் ஆண்டுக் கட்டணம் வரியுடன் 5,900 ரூபாயாக இருந்தது. ஒரு தொடுதிரையின் விலையில் எத்தனை ஆண்டுச் சந்தா கட்டியிருக்கலாம் என்பதைக் கணக்குத் துறையே சொல்லட்டும். அவ்வளவு மலிவாகக் கிடைத்ததையும் ஆசிரியர்களுக்கு மட்டும் ஐடி கொடுத்து முடித்துக்கொண்ட கல்லூரிகள் இருக்கின்றன. இளநிலை மாணவர்களுக்குச் சேர்க்கை நாளிலேயே ஐடி வழங்கப்பட வேண்டும்.

இதைவிடப் பெரிய மாற்றம் 2025 ஜனவரியில் வந்தது. ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் அதிகமான அரசு நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டன. பயனாளர் கணக்கு 1.8 கோடியைத் தொடும் என்றது அரசு. பெருநகர ஐஐடி மாணவர் படிக்கும் அதே இதழை மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி மாணவரும் படிக்கலாம். சங்கம் இதை மனமார வரவேற்கிறது. இரண்டு குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்வி பயிலும் பெருங்கூட்டம் சுயநிதிக் கல்லூரிகளில்தான் இருக்கிறது. அவர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம். நிர்வாகம் தனியார் என்பதால் மாணவரும் வசதியானவர் என்று கணக்கிடுவது தவறு. மற்றொன்று, திறந்துவிட்டால் மட்டும் யாரும் படித்துவிடுவதில்லை. எந்த இதழ் எந்தத் துறைக்கு, கட்டுரையை எப்படித் தேடுவது, சுருக்கத்தை எப்படி வாசிப்பது என்று ஒவ்வொரு வகுப்பிலும் நூலகர் நின்று சொல்லித்தர ஒரு பாடவேளை வேண்டும். அது கால அட்டவணையில் ஏற வேண்டும்.

பார்வைத் திறன் குறைந்த மாணவர்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் பிரெய்ல் மூலை ஒன்றைத் திறந்துவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடுகிறது. அவர்கள் உண்மையில் கேட்பது வேறு. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். தமிழையும் அது வாசிக்கும். ஆனால் பாடக் குறிப்பைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் அதற்கு வாசிக்க எழுத்தே இல்லை. எழுத்துணரி மூலம் அதை உரையாக மாற்றித் தர வேண்டியது நூலகத்தின் கடமை. சட்டம் தடுக்கும் என்ற தயக்கம் வேண்டாம்: 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும் வடிவில் நூலை மாற்ற இடம் தருகிறது. இதற்கென உலக நாடுகள் 2013-இல் மராகேஷில் செய்த உடன்படிக்கையை முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். சட்டத்தில் முன்னே நின்ற நாடு ஸ்கேனர் மேசையில் பின்தங்க வேண்டியதில்லை.

இனி செயற்கை நுண்ணறிவு. சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளியான பிறகு நூலகங்களில் ஒரு புது வகைத் தேடல் தொடங்கியது: இல்லாத கட்டுரையைக் கேட்டு வருவது. ஆசிரியர் பெயர் இருக்கும், இதழின் பெயர் இருக்கும், பக்க எண்கூட இருக்கும். கட்டுரை மட்டும் உலகில் இராது. நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படிக் கற்பனைத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டி 2023-இல் 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். தடை போடுவதால் பயனில்லை என்பது சங்கத்தின் கணிப்பு; மாணவர் செல்பேசியில் இருப்பதை நூலகம் எப்படித் தடுக்கும்? மேற்கோளைச் சரிபார்க்கக் கற்றுத்தருவதை ரெஃபரன்ஸ் சேவையின் ஒரு பகுதியாக்க வேண்டும். டிஓஐ எண்ணைத் தட்டிப் பார்ப்பது, ஆய்வேடு என்றால் சோத்கங்கா களஞ்சியத்தில் தேடுவது, இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து பார்ப்பது என ஐந்து நிமிட வேலைதான்.

‘இதைக் கணினி எழுதியதா?’ என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளைப் பற்றிச் சங்கத்துக்குக் கடுமையான கருத்து உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டைக் கணினி எழுதியது என்று கருவிகள் முத்திரை குத்தின. தமிழ்வழியில் படித்துவிட்டு, தெரிந்த எளிய சொற்களில் ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவர் மீதுதான் இந்தப் பழி முதலில் விழும். இத்தகைய கருவியின் அறிக்கையை மட்டும் சான்றாக வைத்து எந்த மாணவர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. அப்படிச் சான்றளிக்க நூலகர்களும் மறுக்க வேண்டும்.

வாசகரின் அந்தரங்கம் பற்றி நம் கல்லூரிகளில் பேச்சே எழுவதில்லை. யார் எந்த நூலை எடுத்தார் என்பது பழைய அட்டையில் இருந்தபோது அட்டையோடு போயிற்று. இப்போது தரவுத்தளத்தில் பல்லாண்டு தங்குகிறது. மனநலம் பற்றியோ மதமாற்றம் பற்றியோ ஒரு மாணவி என்ன படித்தாள் என்பதை வார்டனோ வீட்டாரோ கேட்டு வாங்க முடியக் கூடாது. நூல் திரும்பி, தண்டத்தொகை ஏதும் நிலுவையில்லை என்றானதும், எடுத்தவர் பெயர் பதிவிலிருந்து நீங்க வேண்டும். கோஹாவில் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது, இயக்கினால் போதும். எத்தனை நூல்கள் வெளியே போயின என்ற எண்ணிக்கைக்கு எடுத்தவர் பெயர் தேவையில்லை. (வருகைப் பதிவை எண்ணி ‘சிறந்த வாசகர்’ விருது கொடுக்கும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யலாம். ஏசி அறையில் மதியம் தூங்கியவருக்கும் அந்த விருது போயிருக்கிறது.)

தரவைக் காப்பது தனிக் கவலை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையக் கொள்ளையர் முடக்கினார்கள். ஏறத்தாழ 600 ஜிபி தரவு வெளியே போனது. முதன்மைப் பட்டியல் 2024 ஜனவரி நடுவில்தான், அதுவும் தேட மட்டும் முடிந்த நிலையில், இணையத்துக்குத் திரும்பியது. அத்தனை பெரிய நூலகத்துக்கே அந்தக் கதி. முழு அக்சஷன் ரெஜிஸ்டரையும் இஷ்யூ கவுன்டரில் உள்ள ஒற்றைக் கணினியில் வைத்திருக்கும் கல்லூரிகள் வாரம் ஒருமுறை பிரதி எடுத்து வேறு கட்டடத்தில் வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மேலே சொன்ன ஒவ்வொன்றையும் செய்ய ஆள் வேண்டும். நூலகர் ஓய்வுபெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல், பேராசிரியர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பு என்று கொடுத்துவிடும் கல்லூரிகள் இருக்கின்றன. ‘எல்லாம் கணினியாகிவிட்டதே, நூலகர் எதற்கு?’ என்று நிர்வாகக் கூட்டங்களில் கேட்கவும் செய்கிறார்கள். மேற்கோளைச் சரிபார்ப்பதும், ஸ்கேன் படத்தை உரையாக்குவதும், பதிவிலிருந்து பெயரை நீக்குவதும் மென்பொருள் தானாகச் செய்துகொள்ளும் வேலைகள் இல்லை. காலியாக உள்ள நூலகர் பணியிடங்களை நிரப்பும்வரை புதுக் கருவிகளுக்கான நிதியை நிறுத்திவைத்தாலும் இந்தச் சங்கம் எதிர்க்காது.

கல்லூரி முதல்வர்கள் இந்த அறிக்கையை அடுத்த நூலக ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்றும், அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு மாணவர்களையாவது அழைக்க வேண்டும் என்றும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.