பூட்டு எந்தக் கதவுக்கு?

“பெற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்!”

இணையத்தில் பிள்ளைகளுக்கு நேரும் கேடுகளைப் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம், இணையத்தை ஆளும் பெருநிறுவனங்களிடமிருந்தும், அவற்றுக்காகப் பரிந்து பேசுவோரிடமிருந்தும் வரும் மறுமொழி இதுதான். கேட்பதற்கு இனிய சொல். பெற்றோரின் உரிமையை மதிப்பது போலத் தோன்றும் சொல். ஆனால், தோழர்களே, அச் சொல்லைச் சற்றே உரைகல்லில் உரசிப் பாருங்கள், பித்தளை பல்லிளிக்கும்!

யார் அந்தப் பெற்றோர்? விடியுமுன் உலை வைத்து, பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஓடி, இரவு கால் கடுக்கத் திரும்பும் தாய். செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் எலும்பு தேய உழைத்து, வாரம் ஒருமுறை வீட்டைக் காணும் தந்தை. பேரப்பிள்ளைக்குக் காவல் இருக்கும், எழுத்தறியாத பாட்டி. இவர்கள் ஒரு பக்கம். மறு பக்கத்தில் யார்? கலிபோர்னியாவின் கண்ணாடி மாளிகைகளில் அமர்ந்து, ஒரு பிள்ளையின் விரல் எந்தப் படத்தில் நிற்கிறது, எந்த நொடியில் தயங்குகிறது என்று கணக்கிட்டு, அப் பிள்ளையை இன்னும் பத்து நிமிடம் இருத்தி வைக்க வழி தேடும் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள். இந்த இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, “பார்த்துக்கொள்ளுங்கள்” என்று தாயிடம் சொல்வது நீதியா? புலியை அவிழ்த்துவிட்டு, ஆடு மேய்ப்பவனுக்கு விழிப்பைப் பற்றி உபதேசம் செய்வது அன்றோ இது!

பழைய பல்லவி

இப் பல்லவி புதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு அருகாக உலகம் கேட்டுவரும் பல்லவிதான். இங்கிலாந்தின் நூற்பாலைகளில் பச்சிளம் பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கப்பட்ட காலத்திலே, அக் கொடுமையைத் தடுக்க வேண்டும் என்று நல்லோர் குரல் எழுப்பியபோது, ஆலை அதிபர்களின் பக்கத்திலிருந்து என்ன வாதம் வந்தது? பிள்ளையை அனுப்புபவன் தந்தை. கூலி பெறுவது குடும்பம். இதில் அரசுக்கு என்ன வேலை என்ற வாதம் வந்தது. பாவம் தந்தையின் தலையில். இலாபம் முதலாளியின் பெட்டியில்!

அந்த வாதத்தை வரலாறு ஏற்றுக்கொள்ளவில்லை. 1833 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பருத்தி ஆலைகளில் 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. 13 வயதுக்குட்பட்டோரின் உழைப்பை வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. அதைவிட முக்கியமாக, ஆலைக்குள் நுழைந்து பார்க்கும் அதிகாரத்துடன் நான்கு ஆய்வாளர்களை நியமித்தது. இந்தியாவிலும் 1881 ஆம் ஆண்டுச் சட்டம் 7 வயதுக்குட்பட்ட குழந்தையை ஆலைக்குள் விடக்கூடாது என்றது. 1891 இல் அவ் வயது 9 ஆக உயர்ந்தது. எவ்வளவு சிறிய சலுகைகள் என்று இன்று நாம் வியக்கிறோம். ஆனால் அன்று அச் சட்டங்கள் நிலைநாட்டிய கோட்பாடு பெரிது. பிள்ளைக்கு ஆபத்து விளைவிக்கும் இயந்திரத்துக்கு வேலி போட வேண்டியவன், இயந்திரத்தின் சொந்தக்காரன். பிள்ளையின் தாய் அல்லள் என்பதே அக் கோட்பாடு.

அன்றைய ஆலை பிள்ளையின் கைகளை விலைக்கு வாங்கிற்று. இன்றைய ஆலை பிள்ளையின் கண்களைக் கூலியின்றியே எடுத்துக்கொள்கிறது. கைப்பேசித் திரையை விரலால் தள்ளத் தள்ள முடிவேயில்லாமல் படங்கள் வருகின்றனவே, அது தற்செயலா? ஒரு காணொலி முடியுமுன் அடுத்தது தானே ஓடத் தொடங்குகிறதே, அது இயற்கையா? உறங்கப் போன பிள்ளையை “உன் படத்தை ஒருவர் விரும்பினார்” என்று மணியடித்து எழுப்புகிறதே, அது அன்பா? அத்தனையும் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. பிள்ளை திரைமுன் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு. சரக்கு குறையக் கூடாது என்பதே அந்த ஆலையின் ஒரே சட்டம்.

தெரியாமல் செய்தார்களா?

“எங்களுக்குத் தெரியாது” என்றாவது அவர்கள் சொல்ல முடியுமா? முடியாது. பேஸ்புக் நிறுவனத்தில் பணியாற்றி வெளியேறிய பிரான்சஸ் ஹாகன் என்னும் பெண்மணி, 2021 ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களை உலகின் முன் வைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். தம் உடல் தோற்றத்தை எண்ணி ஏற்கெனவே வருந்திக்கொண்டிருக்கும் வளரிளம் பெண்களுள் மூவரில் ஒருவருக்கு அவ் வருத்தத்தை இன்ஸ்டாகிராம் மேலும் மோசமாக்குகிறது என்பதை, அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதி வைத்திருந்தனர். ஆய்வைத் திரித்துக் கூறுகிறார்கள் என்று நிறுவனம் மறுப்புச் சொன்னது. ஆனால், 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று தனி இன்ஸ்டாகிராம் தொடங்கும் வேலையை, சாட்சியத்துக்குச் சில நாட்கள் முன்னதாகவே நிறுத்தி வைத்தது. குற்றமே இல்லையென்றால் கை ஏன் பின்வாங்கிற்று?

யூடியூபின் கதை இதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதலின்றித் திரட்டக் கூடாது என்று 1998 இலேயே சட்டம் உண்டு. யூடியூப் என்ன செய்தது? பொம்மை விற்கும் பெருநிறுவனங்களிடம், பிள்ளைகள் நாடி வரும் முதலிடம் நாங்களே என்று மார்தட்டிற்று. சட்டத்தைச் சுட்டிக் காட்டியபோது, எங்களிடம் 13 வயதுக்குட்பட்டவர்களே இல்லை என்று கைவிரித்தது. விளம்பரதாரருக்கு ஒரு நாக்கு. சட்டத்துக்கு மற்றொரு நாக்கு! பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று பின்தொடர்ந்து விளம்பரம் காட்டிய குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, 2019 இல் அந்நிறுவனமும் அதன் தாய் நிறுவனமான கூகுளும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

முடியாது என்றவர்கள் முடித்த கதை

“கோடிக்கணக்கானோர் புழங்கும் இடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் காப்பது தொழில்நுட்ப முறையில் இயலாது” என்பர் சிலர். அவர்களுக்கு 2021 ஆம் ஆண்டே விடை கூறும். பிள்ளைகள் புழங்கும் இணையச் சேவைகளை எவ்வாறு அமைக்க வேண்டும் என்று பிரிட்டன் ஒரு விதித்தொகுப்பை வகுத்து, 2021 செப்டம்பர் 2 ஆம் நாளைக் கெடுவாக வைத்தது. அக் கெடு நெருங்க நெருங்க, இயலாதவை எல்லாம் வரிசையாக இயன்றன! ஜூலையில் இன்ஸ்டாகிராம், புதிதாகச் சேரும் 16 வயதுக்குட்பட்டோரின் கணக்குகளை அயலார் காண முடியாதவையாக்கிற்று. ஆகஸ்டில் டிக்டாக், 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இரவு 9 மணிக்கு மேல் மணியடிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதம் யூடியூப், 18 வயதுக்குட்பட்டோருக்கு அடுத்த காணொலி தானாக ஓடுவதை நிறுத்துவதாகச் சொல்லிற்று. அவர்களின் அறிவியல் ஒரே கோடையில் வளர்ந்துவிட்டதா? இல்லை, சட்டத்தின் நிழல் வாசலில் விழுந்தது. அவ்வளவுதான்!

அந்தப் பிரிட்டனே 2023 இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, கடமை தவறும் நிறுவனத்துக்கு உலக வருவாயில் 10 விழுக்காடு வரை தண்டம் விதிக்க வழி செய்தது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்களின் மீதே சுமத்திற்று. தண்டனை பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. கடமை தவறிய நிறுவனத்துக்கு 4 கோடியே 95 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். வயதுத் தடை மட்டுமே போதுமா என்று விவாதிக்க இடமுண்டு. கேடான இயந்திரத்தை அப்படியே ஓடவிட்டு, வாசலில் வயது கேட்பது பாதி மருத்துவம்தான். ஆயினும் பொறுப்பு யார் தோளில் என்பதில் அச் சட்டம் தெளிவாக இருக்கிறது.

கைநாட்டுக்கு ஒரு சட்டமா?

நம் நாட்டு நிலை என்ன? 2023 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. 18 வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் என்கிறது அதன் ஒன்பதாம் பிரிவும் அட்டவணையும். வரவேற்கத்தக்க சொற்கள். ஆனால் விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆயிற்று. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் பதினெட்டு மாத அவகாசம்! 2023 இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு, அக் கடமைகள் உயிர்பெறும்போது வயது பதினான்கு ஆகியிருக்கும். சட்டம் காத்திருக்கலாம், குழந்தைப் பருவம் காத்திருக்குமா?

மேலும், குறிப்பிட்ட வகை நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கவும், பாதுகாப்பாகக் கையாளுவதாகக் கருதப்படும் நிறுவனத்துக்கு வயது வரம்பைத் தளர்த்தவும் மைய அரசுக்கு அதே பிரிவு அதிகாரம் தருகிறது. கதவைச் சாத்திவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைக்கும் இவ் வேலையைக் கண்கொத்திப் பாம்பாய் நாம் கவனிக்க வேண்டும்.

பெற்றோரின் ஒப்புதல் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையின் பெயரில். பள்ளிகள் மூடப்பட்ட 2020 ஆம் ஆண்டிலே, பாடம் படிக்க வேண்டும் என்று கடன்பட்டு வாங்கிய கைப்பேசிகள் எத்தனை! அதில் எது பாடம், எது பொறி என்று அறிந்து சொல்ல ஆளில்லாத வீட்டில், திரையில் தோன்றும் “ஒப்புக்கொள்கிறேன்” என்னும் கட்டத்தைத் தொடும் விரல், கந்துவட்டிக்காரன் நீட்டிய பத்திரத்தில் கைநாட்டு வைத்த விரலுக்கு உடன்பிறப்பே. படிக்க முடியாத பத்திரத்தில் பெற்ற ஒப்புதல் எப்படி அநீதியோ, அப்படியே இதுவும் அநீதி. ஒப்புதல் வாங்கிவிட்டோம் என்று நிறுவனம் தப்ப இடந்தரலாகாது. ஒப்புதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைக்குத் தீங்கிழைக்கும் அமைப்பே குற்றம் என்றாக வேண்டும்.

பெண்ணைப் பூட்டுவதா காவல்?

இங்கே நம்மவர் செய்யும் பிழை ஒன்றையும் கூறாது விடுவதற்கில்லை. ஒரு பெண் பிள்ளையின் படத்தை எவனோ ஒருவன் திரித்து மிரட்டுகிறான். செய்தி வீட்டுக்குத் தெரிந்தவுடன் நடப்பது என்ன? முதலில் கைப்பேசி பறிக்கப்படுகிறது. பிறகு பள்ளி நிற்கிறது. அதன் பிறகு மாப்பிள்ளை தேடப்படுகிறான்! குற்றம் செய்தவன் தெருவில். குற்றத்துக்கு ஆளானவள் சிறையில். அடுத்த வீட்டுப் பெண் இதைப் பார்க்கிறாள்; தனக்கும் அந்நிலை நேர்ந்தால் வாய்திறவாமல் மிரட்டுபவனுக்கு அடிபணிகிறாள். அவனுடைய ஆயுதம் படம் அன்று. நம் வீட்டின் மானக் கணக்கே அவனுடைய ஆயுதம்! அதை அவன் கையிலிருந்து பறிக்க வேண்டுமானால், “நீ சொல், உன்மீது குற்றமில்லை” என்னும் சொல் ஒவ்வொரு வீட்டிலும் முதற் சொல்லாக ஒலிக்க வேண்டும்.

சட்டம் இவ் வகையில் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. குழந்தைகளைப் பாலியல் முறையில் சித்திரிக்கும் காட்சிகளைப் பதிவிறக்கிப் பார்ப்பது குற்றமன்று என்று 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று அத் தீர்ப்பை நீக்கி, அத்தகைய காட்சிகளை வைத்திருப்பதும் காண்பதும் எந்நிலைகளில் குற்றமாகும் என விரித்துரைத்தது. அவற்றை ஆபாசப்படம் என்னும் பொதுச்சொல்லால் குறிக்கலாகாது. அவை குழந்தையின்மீது நிகழ்த்தப்பட்ட கொடுமையின் பதிவுகள் என்றும் அது கூறிற்று. 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரும் பள்ளியும் வெளிவரக் கூடாது என்கிறது.

நம் பணி

தோழர்களே! சட்டம் கேட்டு முழங்குவது ஒரு கை. மக்களிடம் செல்வது மறு கை. தெருமுனைக் கூட்டத்திலும், படிப்பகத்திலும், மகளிர் குழுவிலும் இச் செய்திகளைச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930. குழந்தைகளைச் சீரழிக்கும் காட்சிகளைக் கண்டால், மைய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் கூறாமலே புகார் செய்ய இடமுண்டு. அந்தரங்கப் படம் பரவும் என்று அஞ்சும் பிள்ளைக்கு, “டேக் இட் டவுன்” என்னும் இலவச ஏற்பாடு இருக்கிறது. படம் கைப்பேசியை விட்டு வெளியேறாமலே அதன் அடையாளக் குறியீட்டை மட்டும் பெற்று, ஒத்துழைக்கும் தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவுகிறது. மிரட்டியவனின் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சான்று என்று சொல்லுங்கள். பணம் கொடுத்தால் மிரட்டல் ஓயாது, வளரும் என்று சொல்லுங்கள்.

அதே மூச்சில், நம் கோரிக்கைகளும் ஒலிக்கட்டும். பதினெட்டு மாத அவகாசம் முடியும்வரை காத்திராமல், பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தை நிறுவனங்கள் இன்றே நிறுத்த வேண்டும். அயலார் அணுக முடியாத கணக்கு, இரவில் மணியடிக்காத செயலி, தானே ஓடாத காணொலி ஆகியவை பிரிட்டன் பிள்ளைக்கு இயலுமெனில், பெரம்பலூர்ப் பிள்ளைக்கும் இயல வேண்டும். தமிழில் புகார் அளித்தால் தமிழ் அறிந்தவர் படித்து விடையளிக்க வேண்டும். ஆலைக்குள் ஆய்வாளர் நுழைந்தது போல, இந் நிறுவனங்களின் கணக்கு முறைகளுக்குள் நுழைந்து பார்க்கும் அதிகாரம் மக்கள் சார்பில் நிற்போருக்கு வேண்டும்.

இணையத்தை நாம் வெறுக்கவில்லை. ஊர் நூலகத்தில் இல்லாத நூலைக் கடைக்கோடிச் சிற்றூர்ச் சிறுமியின் கையில் தரும் வல்லமை அதற்கு உண்டு. அச் சிறுமி அதில் அச்சமின்றி நடக்க வேண்டும் என்பதே நம் வேட்கை. ஆகவே பூட்டு வேண்டும், ஐயமில்லை. அது அவள் படிக்கும் அறையின் கதவுக்கு அன்று. அவளை வேட்டையாடி வாழும் வாணிகத்தின் கதவுக்கு!